கார்த்திகையில் கடிகைக் குன்று

சோளிங்கர் மலைக்குப் போவதென்றால் கார்த்திகையில் போ என்பார்கள் எங்கள் வேலூர்ப் பக்கத்தில். வருஷம் முழுக்க யோகத்தில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் நரசிம்மர் இந்த ஒரு மாதம் கண் திறந்து பார்ப்பதாக ஐதிகம். கார்த்திகை ஞாயிறு என்றால் மலையடிவாரக் கொண்டபாளையத்தில் கால் வைக்க இடமிருக்காது. அதற்குப் பயந்து நானும் பெரியம்மாவும் ஒரு புதன்கிழமை கிளம்பினோம். அப்போதும் கூட்டம்தான்.

எனக்கு இந்த மாதம் பிடிக்க இன்னொரு காரணம், திருமங்கையாழ்வார். அவர் பிறந்ததும் கார்த்திகையில் கார்த்திகை நட்சத்திரத்தன்று. சோழநாட்டுத் திருக்குறையலூர்க்காரரான அவர், திருக்கடிகை என்று பாசுரம் சொல்லும் இந்த மலையைப் பாடிவைத்தவர்.

வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, வாலாஜா வழியாகப் பஸ்ஸில் போனோம். ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சோளிங்கர் ஸ்டேஷன் இருப்பது பாணாவரத்தில், ஊர் அங்கிருந்து நல்ல தூரம். 2019 வரை வேலூர் மாவட்டமாக இருந்த ஊர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். பெரியம்மாவுக்கு இரண்டும் கணக்கில்லை, இன்னும் வடாற்காடுதான்.

பெரிய மலைக்கு 1305 படி. 2024-இல் ரோப்கார் வந்துவிட்டதால் முட்டிவலிக்காரர்கள் பிழைத்தார்கள். ஆனால் டிக்கெட் வரிசையில் நின்றதும் பெரியம்மாவுக்கு ஒரு சங்கடம்.

"ஏன்டா, படி ஏறாம போனா புண்ணியம் கொறைஞ்சிடுமா?"

நான் பதில் தேடுவதற்குள் அவரே முடித்துவிட்டார். "ஆழ்வாரே குதிரையில வந்தவருதானே. அவர சேத்துக்கிட்ட பெருமாள், கம்பியில வர்றவள சேத்துக்க மாட்டாரா?"

ஆழ்வாரின் குதிரைக்கு ஆடல்மா என்று பேர். அவருக்கு இயற்பெயர் நீலன். சோழனுக்குப் படைத்தலைவர், பிறகு ஆலிநாட்டுக்குக் குறுநில மன்னர். பகைவருக்குக் காலன் மாதிரி என்பதால் பரகாலன் என்ற பட்டம். திருவெள்ளக்குளத்துக் குமுதவல்லியைப் பெண் கேட்டுப் போனபோது அந்த அம்மாள் போட்ட நிபந்தனைதான் எல்லாவற்றையும் திருப்பிவிட்டது: ஒரு வருஷம், தினமும் 1008 வைணவர்களுக்குச் சாப்பாடு. கையிருப்பு கரைந்தது. அரசனுக்குக் கட்ட வேண்டிய வரிப்பணம் அன்னத்துக்குப் போனது. சண்டை, சிறை, காஞ்சி வரதர் கனவில் வந்து வேகவதிக் கரையில் காட்டிய புதையல்... அதுவும் தீர்ந்த பிறகுதான் வழிப்பறி. கூட்டாளிகளின் பெயர்களே கதை சொல்லும்: நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன். பூட்டை ஊதித் திறக்க ஒருவன், வாதாடித் தோற்காதவன் ஒருவன்!

உபன்யாசங்களில் இவரைத் 'திருந்திய திருடன்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பந்தியில் இலை போட்டபடியே இருக்க வேண்டுமே என்ற பதைப்பில் வாள் எடுத்தவர் அவர். அதற்காக எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவும் மாட்டேன். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை எடுத்து வந்து திருவரங்கத்துக்கு மதில் கட்டினார் என்ற கதையைக் கேட்கும்போது இன்றைக்கும் நெஞ்சு ஒட்டுவதில்லை.

பெரியம்மாவை ரோப்காரில் அனுப்பிவிட்டு, இப்படி யோசித்துக்கொண்டே நான் படி ஏறும்போது எனக்கே வழிப்பறி நடந்தது. சோளிங்கர் குரங்குகள் பிரசித்தம். நடுவழி மண்டபத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். ஒரு பெரிய கடுவன் வந்து எதிரே நின்று, கையை ஒரு பார்வை, பையை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் பையின் ஜிப்பை இழுத்து, பெருமாளுக்கென்று வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. துளசி மாலையைத் தொடவில்லை. கீழே குச்சி கொடுத்தார்கள், வாங்கியிருக்கலாம்.

மேலே அமிர்தவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டுப் பெருமாளிடம் போனோம். கால்மடித்து யோகத்தில் அமர்ந்த கோலம். உக்கிரம் என்று மனசில் படம் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த அமைதி கொஞ்சம் திகைப்பாகவே இருக்கும். நகரும் வரிசையில் பெரியம்மா வாய்விட்டே சொன்னார்:

"மிக்கானை மறையாய் விரிந்த விளக்கை என்னுள்
புக்கானைப் புகழ்சேர் பொலிகின்ற பொன்மலையைத்
தக்கானைக் கடிகைத் தடங்குன்றின் மிசையிருந்த
அக்காரக் கனியை அடைந்துய்ந்து போனேனே."

ஆழ்வாரின் பெரிய திருமொழியில் இந்தப் பாசுரம் திருக்கண்ணபுரத்துப் பதிகத்துக்குள் வருகிறது. சோழநாட்டுக் கண்ணபுரத்தைப் பாடிக்கொண்டிருக்கும்போதே வடக்கே இருக்கும் இந்தக் குன்றின் நினைப்பு வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது 'என்னுள் புக்கானை'. திருமணங்கொல்லையில் மணமகன் வேஷத்தில் வந்த பெருமாளின் கால் மெட்டியைப் பல்லால் கடித்துக் கழற்றியவர், நகை மூட்டை நகராதபோது என்ன மந்திரம் போட்டாய் என்று கத்தியை நீட்டியவர். காதில் 'ஓம் நமோ நாராயணாய' என்ற எட்டெழுத்தைக் கேட்ட பிறகு வந்ததுதான் 'வாடினேன் வாடி' என்று தொடங்கும் முதல் பாசுரம். ஊர் வழியில் பிறரை மறித்தவர், தனக்குள்ளேயே ஒருவன் புகுந்துவிட்டதைக் கடைசியில் இந்த மலையை நினைத்துச் சொல்கிறார். பறிகொடுத்ததில் அவருக்கு எத்தனை சந்தோஷம்!

சின்ன மலைக்கு 406 படி. சங்கு சக்கரத்தோடு நான்கு கையுடைய யோக ஆஞ்சநேயர், எதிர் மலைப் பெருமாளைப் பார்த்தபடி இருக்கிறார். பெரியம்மா கீழேயே இருந்துவிட்டார், நான் மட்டும் போய் வந்தேன்.

இறங்கியதும் தக்கான் குளத்தில் கால் நனைத்தோம். காஞ்சி வரதரின் கருடசேவையைத் தவறவிடாத சோளிங்கர் ஆசாரியர் தொட்டாச்சாரியார், ஒருமுறை போக முடியாமல் இந்தக் குளக்கரையில் அழுதாராம். வரதர் கருடனோடு இங்கேயே வந்து காட்சி தந்தாராம். இன்றும் காஞ்சியில் கருடசேவையன்று கோபுர வாசலில் பெருமாளைச் சற்று நேரம் குடையால் மறைக்கிறார்கள், அந்த நேரம் அவர் சோளிங்கரில் இருக்கிறார் என்று. ஆழ்வாருக்குப் புதையல் காட்டியவரும் இவரேதான் என்று பெரியம்மா ஞாபகப்படுத்தினார்.

பஸ்ஸில் ஏறினதும் அடுத்த திட்டம் வந்துவிட்டது. திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின் இராப்பத்து எட்டாம் நாள் வேடுபரி. அரங்கத்து உற்சவர் நம்பெருமாள் தங்கக்குதிரையில் வர, ஆழ்வார் மறித்துக் கொள்ளையடிக்கும் உற்சவம். "பார்த்ததே இல்லடா. இந்த வருஷம் கூட்டிட்டுப் போயிடு" என்றார். சரி, காட்பாடியிலிருந்து ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் பார்க்க வேண்டும்.