முப்பது நீளம்

27 யூலை 2025, ஞாயிறு

விடிய முதலே சோளகம் அடிக்கத் தொடங்கிவிட்டது. வவுனிக்குளத்தில் தண்ணீர் நல்லாய் இறங்கிவிட்டது. அலைகரைப் பக்கம் பிள்ளைகளுக்கு நெஞ்சளவுதான். நீந்தப் பழக்க இதைவிட நல்ல காலம் வராது. இரண்டு கம்பு நட்டு, 25 மீற்றருக்கு நைலோன் கயிறு இழுத்து, இடையிடையே வெறும் போத்தல் கட்டியிருக்கிறேன். நாலு பிள்ளைகள். முதலை பார்க்க அத்தான் குளக்கட்டில் நிற்பார்.

பின்னேரம் போனில் சிங்கப்பூர் உலக நீச்சல் போட்டி. 400 மீற்றர் பிரீஸ்ரைலில் அமெரிக்காவின் கேற்றி லெடெக்கி மூன்றாவது. 3:58.49. முதலாவதாக வந்த சமர் மக்கின்ரோஷுக்கு வயது 18.

"சித்தி, உங்கட ஆள் தோத்திட்டா" என்றாள் அக்கா மகள்.

13 வருசத்துக்கு முன் முதல் தங்கம் எடுத்தவள், இன்றும் அதே தண்ணீரில் ஏறக்குறைய பத்து வயது குறைந்த பிள்ளையோடு நீந்தி வெண்கலம் எடுக்கிறாள். இதைத் தோல்வி என்று சொல்ல என் வாய் வரவில்லை.

28 யூலை, திங்கள்

நாலு பேரில் ஒருத்தி இன்று வரவில்லை. போன கிழமைதான் பெரியபிள்ளை ஆனவள். இனிக் குளத்துக்கு விடமாட்டார்களாம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

லெடெக்கி பிறந்தது 1997 மார்ச் 17. நானும் 97தான். எனக்கு ஆறு வயதில் அப்பப்பா இந்தக் குளத்தில் லொறி ரியூப்பில் போட்டு நீந்தப் பழக்கினார். நான் பெரியபிள்ளை ஆனது முகாமில். ஊருக்குத் திரும்பினபோது குளம் அதே இடத்தில் இருந்தது. ஆனால் என்னை இறங்க விடவில்லை. 2012இல் லண்டனில் அவள் 800 மீற்றரை 8:14.63இல் நீந்தி, 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தபோது, நான் தறப்பாளுக்குக் கீழே இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அப்படி ஒருத்தி இருப்பதே எனக்கு நாலு வருசம் கழித்து, றியோவின்போதுதான் தெரியும். அங்கே 200, 400, 800 மூன்றிலும் தனித் தங்கம். 800இல் இரண்டாவதாக வந்தவள் சுவரைத் தொட 11 செக்கனுக்கு மேல் பிந்தினாள்.

29 யூலை, செவ்வாய்

1500 மீற்றர். தங்கம். 15:26.44.

50 மீற்றர் தடாகத்தில் அது முப்பது நீளம். கொப்பியில் வகுத்துப் பார்த்தேன்: ஒரு நீளத்துக்கு 31 செக்கன்கூட இல்லை. ஓரிரண்டு நீளம் வேகமாய்ப் போக எத்தனையோ பேரால் முடியும். முப்பதையும் அப்படியே இழுப்பதுதான் அவளுடைய கெட்டித்தனம்.

இந்த ஓட்டத்தைப் பற்றி ஒன்று எழுதியே ஆகவேண்டும். ஆண்கள் 1908இல் இருந்தே ஒலிம்பிக்கில் 1500 நீந்துகிறார்கள். பெண்களுக்கு 1968இல் 800 கொடுத்தார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். 2013இலேயே 1500இன் உலக சாதனை லெடெக்கியிடம் இருந்தது. றியோவில் நீந்தத்தான் அந்தப் போட்டியே இல்லை. 2021இல் ரோக்கியோவில்தான் முதன்முதலாக வைத்தார்கள். அன்று காலை 200 மீற்றரில் ஐந்தாவதாக வந்து, ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் திரும்ப இறங்கி, அந்த முதல் தங்கத்தை எடுத்தாள்.

"பொம்பிளைப் பிள்ளையளுக்கு இவ்வளவு காணும்" என்று அளந்து கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் மட்டும்தான் என்று கனகாலம் நினைத்திருந்தேன்.

31 யூலை, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் தேத்தண்ணி தந்தா. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"ரீச்சர், நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா நாலு பேர் பாக்கிற குளம்."

"அக்கா, குளத்துக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளை நீந்தத் தெரியாமல் வளரலாமோ?"

அவ பதில் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

குளத்தில் மற்ற மூன்று பேருக்கும் 2020இல் லெடெக்கி செய்து காட்டியதைச் சொன்னேன்: தலையில் சொக்லேட் பால் நிறைந்த கிளாஸ், ஒரு சொட்டும் சிந்தாமல் தடாகத்தின் மறுகரை. உடனே பிளாஸ்ரிக் கோப்பையில் குளத்துத் தண்ணீர் அள்ளித் தலையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கைவீச்சுக்குள் கோப்பை போய்விட்டது. ஆனால் தலையை ஆட்டாமல் நீந்துவது என்றால் என்னவென்று நான் மூன்று கிழமை கத்தியும் விளங்காதது, அந்தக் கோப்பையால் விளங்கியது.

"எங்களுக்குத் தடாகம் இல்லையே ரீச்சர்" என்றாள் சின்னவள். அவளுக்கு அன்ரனி நெஸ்ரியின் கதையைச் சொன்னேன். சுரினாம் என்ற சின்ன நாட்டில் இருந்து வந்து, 1988 சியோலில் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் செக்கனின் நூறில் ஒரு பங்கால் தங்கம் எடுத்தவர். புளோரிடாவில் இன்று லெடெக்கியைப் பயிற்றுவிப்பவரும் அவர்தான்.

2 ஓகஸ்ட், சனி

800 இறுதி. போனை யன்னல் கம்பியில் கட்டி வைத்தேன், அங்கேதான் சிக்னல் நிற்கும். மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நாலாவது பிள்ளையும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

றியோவில் நீந்திய 8:04.79 ஏறக்குறைய ஒன்பது வருசம் அசையவில்லை. இந்த மே 3இல் அவளே 8:04.12 நீந்தி அதை மாற்றினாள். அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதற்காக ஒன்பது வருசம் விடியப்புறம் எழும்பியிருக்கிறாள்.

இன்று றியோ மாதிரி இல்லை. லெடெக்கி, மக்கின்ரோஷ், அவுஸ்திரேலியாவின் லானி பலிஸ்ரர், மூன்று பேரும் கடைசிவரை ஒட்டியபடியே. கடைசி நூறில் நான் எழும்பி நின்றுவிட்டேன். 8:05.62. பலிஸ்ரர் 8:05.98. மக்கின்ரோஷ் மூன்றாவது.

800இல் இது அவளுக்கு ஏழாவது உலகப் பட்டம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

3 ஓகஸ்ட், ஞாயிறு

காலையில் நாலு பேரும் வந்தார்கள். நாலாவது பிள்ளை தண்ணீரில் இறங்கவில்லை. என் போனை வாங்கி, குளக்கட்டில் இருந்து நேரம் பிடித்தாள். ஒவ்வொரு நீளத்துக்கும் சத்தமாய்ச் சொன்னாள்: "நாப்பத்தொண்டு! நாப்பத்திமூண்டு! விடாதேங்கோ!" சின்னவளின் ஆறு நீளமும் நாலு செக்கன் வித்தியாசத்துக்குள் இருந்தது. போன மாதம் முதல் நீளத்திலேயே பாய்ந்து களைத்துப்போகிறவள்.

ஏழரை போல தாய் குடையோடு கட்டில் ஏறி வந்தா. மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறா என்று நினைத்தேன். மகளுக்குப் பக்கத்தில் இருந்து, போனை எட்டிப் பார்த்து, "இது என்ன இலக்கம்?" என்று கேட்டா.

வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.