நாய் கேஸ்

2024 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பால் வாங்கப் போனபோது டிரான்ஸ்ஃபார்மர் அடியில் எங்கள் தெருநாய் செவலை விறைத்துக் கிடந்தது. வாயைச் சுற்றி நுரை. கொஞ்சம் தள்ளி கருப்பி எச்சில் ஒழுக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வெள்ளையன் எங்கே என்று பார்த்தால், அவன் விடியற்காலையிலேயே செத்துக் கிடந்தானாம். பார்க்கச் சகிக்காமல் எதிர்வீட்டு மாமா வாய்க்கால் ஓரம் புதைத்துவிட்டார். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் சாட்சியத்தில் பாதி அதோடு மண்ணுக்குள் போய்விட்டது.

நான் ஒன்றும் நாய்ப் பைத்தியம் இல்லை. இதே கருப்பி என் ஸ்கூட்டரைத் துரத்தியிருக்கிறது. மூன்றுக்கும் காது நுனியில் வெட்டு உண்டு, அதாவது கருத்தடை முடிந்தவை. முந்தின மாதம் ஒரு பெரியவரை ஏதோ ஒரு நாய் கடித்ததில் தெருவில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்கும் புரிந்தது. ஆனால் அதற்காக விஷம் வைப்பார்களா?

தனியார் மருத்துவர் ஒருவர் வந்தார். கருப்பியின் கண்மணி கடுகளவு சுருங்கியிருப்பதைக் காட்டி, “பூச்சிமருந்தும்மா, வயலுக்குப் போடற குருணை மருந்தா இருக்கலாம்” என்று அட்ரோபின் என்ற முறிவு ஊசி போட்டார். மதியத்துக்குள் இழுப்பு நின்றது. செவலையை மட்டும் புதைக்கவோ குப்பை வண்டியில் ஏற்றவோ கூடாது, குளிர்ச்சியாக வையுங்கள் என்றார். மீன்கடைக்காரர் இரண்டு கூடை ஐஸ் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அப்புறம் ஸ்டேஷன். ஏட்டையா மனுவை வாங்காமலே, “இதுக்கு ஐம்பது ரூபா அபராதம்மா, ஏன் அலையறீங்க?” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது வரைதான். ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அதன் தொடர்ச்சியாக 1960இல் வந்த சட்டம். அன்றைக்கு ஐம்பது ரூபாய் என்றால் ஒரு கனம் இருந்திருக்கும். தெருநாயைக் கொடூரமாகக் கொல்வது குற்றம் என்று 11ஆம் பிரிவு பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. தொகைதான் இப்போது ஒரு டீ, வடை அளவுக்கு நிற்கிறது.

வக்கீலாக இருக்கும் சித்தி மகனுக்கு போன் போட்டேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் 428, 429 எல்லாம் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள், ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவுதான் என்றான். விஷம் வைத்து விலங்கைக் கொன்றால் ஐந்து ஆண்டு வரை சிறை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். “அக்கா, யார் மேல சந்தேகம்னு எழுதாதே, நீ கண்ணால பாக்கல. எத்தனை மணிக்கு எங்க என்ன பாத்தியோ அதை மட்டும் எழுது. மனு வாங்கினதுக்கு அத்தாட்சியா சி.எஸ்.ஆர். ரசீது தருவாங்க, அதை வாங்காம எந்திரிக்காதே.” மனதுக்குள் ஒரு பெயர் இருந்தது. எழுதவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் என்னைக் காப்பாற்றியது, தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே.

ரசீது கிடைத்தது. வழக்குப் பதிவதில் மட்டும் இழுத்தார்கள். புதுச் சட்டம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏட்டையாவும் 325ஐப் புத்தகத்தில் தேடித்தான் பார்த்தார். சாயங்காலம் எஸ்.ஐ. வந்ததும் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். செத்த நாயைப் பார்த்து அவர் முகம் மாறவில்லை. பிளாஸ்டிக் கவரில் கோழிக்கறி பிசைந்த சோறு, பின்னால் அங்கன்வாடி கேட் தெரியும் படம் வந்ததும் நிமிர்ந்தார். “குழந்தைங்க வர்ற இடமா இது?” பத்தடி தூரம்கூட இல்லை என்றேன். அடுத்த அரை மணியில் ஜீப் தெருவுக்குள் நின்றது. மீதிச் சோற்றைக் கவரோடு எடுத்துப் பொட்டலம் கட்டினார்கள். அன்றிரவே எஃப்.ஐ.ஆர்., குற்றவாளி ‘அடையாளம் தெரியாத நபர்’. நகலும் காசில்லாமல் கையில் கொடுத்தார்கள். மூன்று நாய்களால் நகராத காரியம் ஓர் அங்கன்வாடி கேட் படத்தால் நகர்ந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், இருந்தாலும் உங்கள் தெருவிலும் இப்படி நடந்தால் விஷச் சோறு கிடந்த இடத்தைச் சுற்றுப்புறத்தோடு சேர்த்துப் படம் எடுத்துவையுங்கள்.

போலீஸ் கடிதம் இல்லாமல் போஸ்ட்மார்ட்டம் செய்ய மாட்டார்கள். திங்கட்கிழமை கடிதத்தோடு செவலையை ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரைப்பை, ஈரல், சிறுநீரகம் என்று கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, ஊறுகாய் போடுவது மாதிரி கெட்டி உப்புக் கரைசலில் ஜாடிகளில் அடைத்து அரக்கு முத்திரை வைத்தார் டாக்டர். அவை கோர்ட் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயின.

எட்டு மாதமாகிறது, அறிக்கை வரவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் ரைட்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன். இப்போதெல்லாம் வாசலில் என் ஸ்கூட்டரைப் பார்த்ததுமே உள்ளே குரல் கேட்கிறது: “சார், நாய் கேஸ் அம்மா வந்துட்டாங்க.”