எழுத்தின் வரலாற்றைப் படிக்க மெசபடோமியாவில் உட்காருங்கள்

எம்.ஏ. வரலாற்றில் பண்டைய நாகரிகங்கள் தாளை எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான்: "எழுத்தின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் விவரி." இல்லையென்றால் இரண்டு நாகரிகங்களை ஒப்பிடச் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் கைடுகளில் இதற்கு ஓர் அட்டவணைதான் இருக்கும். நாகரிகம், எழுத்தின் பெயர், காலம், எதன்மேல் எழுதினார்கள் என்று நான்கு கட்டங்கள். கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். கட்டுரை விடைக்கு இரண்டாவது பத்தியிலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

நான் அஞ்சல்வழியில் படித்தபோது செய்தது இதுதான். எல்லா நாகரிகத்துக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கு போடாமல், பாதி நேரத்தை மெசபடோமியாவுக்கே கொடுத்தேன். எழுத்து இல்லாத நிலையிலிருந்து முழு மொழியை எழுதும் நிலை வரை படிப்படியாகச் சான்று கிடைக்கும் இடம் அது. அங்கே வழி புரிந்துவிட்டால், மற்ற நாகரிகங்களை அதிலிருந்து எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று எழுதிவிடலாம். படிக்கும்போது ஒவ்வொரு குறியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது பொருளைக் குறிக்கிறதா, ஒலியைக் குறிக்கிறதா?

ஊருக் நகரிலிருந்து தொடங்குங்கள். தெற்கு ஈராக்கில் இன்று வர்க்கா எனப்படும் இடம். ஈயன்னா கோயில் வளாகத்தில் ஜெர்மானியர் நடத்திய அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகளில் பழையவை சுமார் கி.மு. 3300-3200 காலத்தவை. இந்தத் தொடக்ககாலப் பலகைகள் துண்டுகளையும் சேர்த்து ஐயாயிரத்தை ஒட்டி வரும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கணக்கு: வாற்கோதுமை எவ்வளவு, பீர் எவ்வளவு, ஆடு எத்தனை, வேலையாட்களுக்குப் படி எவ்வளவு. பாட்டும் இல்லை, அரசன் புகழும் இல்லை. மீதி இருப்பவை சொற்பட்டியல்கள். தொழில்களையும் பதவிகளையும் வரிசைப்படுத்தும் ஒரு பட்டியலை எழுத்துப் பயிற்சிக்காக நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். மனப்பாடக் கல்விக்கு வயது ஐயாயிரம் என்று அப்போது தோன்றியது.

இதற்கு முந்தைய கட்டத்தை விளக்க டெனிஸ் ஷ்மாண்ட்-பெசரா என்ற தொல்லியல் ஆய்வாளரின் கருத்து கட்டாயம் வேண்டும். மேற்கு ஆசியாவில் சுமார் கி.மு. 8000 முதலே கூம்பு, உருண்டை, தட்டு வடிவங்களில் சிறிய களிமண் வில்லைகள் கிடைக்கின்றன. இவை பொருள்களை எண்ண உதவியவை என்கிறார் அவர். கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டில் இவற்றை உள்ளீடற்ற மண்ணுருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை வைத்தார்கள். சில உருண்டைகளின் வெளிப்புறத்தில் உள்ளே இருக்கும் வில்லைகளின் தடமும் பதிந்திருக்கிறது. வெளியே தடம் இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையாகிப் பலகையானது. கேட்கக் கச்சிதமாக இருப்பதால் பலரும் இதை முடிந்த முடிவாக எழுதிவிடுகிறார்கள். எண்குறிகள் இப்படி வந்திருக்கும் என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கிறார்கள். பொருள்களைக் காட்டும் கீறல் குறிகளும் வில்லைகளிலிருந்தே வந்தன என்பதில்தான் சண்டை, ஏனென்றால் பல குறிகளுக்கு இணையான வில்லை இல்லை. விடையில் இதை இரண்டாகப் பிரித்து எழுதினால், திருத்துபவருக்கு நீங்கள் கைடைத் தாண்டிப் படித்தது தெரிந்துவிடும்.

அடுத்து, ஒரே ஒரு குறியை எடுத்து நன்றாகப் பாருங்கள். ஊருக் காலத்து ஊர்களில் விளிம்பு சாய்ந்த முரட்டு மண்கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. படியளக்கப் பயன்பட்டவை என்பது பலர் கருத்து. பலகையில் இந்தக் கிண்ணத்தைக் கோட்டுருவமாக வரைந்தால் உணவு. ஒரு மனிதத் தலையை வரைந்து அதன் வாயருகே கிண்ணத்தைச் சேர்த்தால் உண்ணுதல், படி வழங்குதல். இரண்டு பொருள்களின் படம் சேர்ந்து ஒரு செயலாகிவிட்டது. விடைத்தாளில் இதை வரைய அரை நிமிடம் ஆகாது. அரைப் பக்க விளக்கத்தைவிட அந்தச் சிறு படத்துக்குப் பலன் அதிகம்.

எண்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆடுகளை எண்ணும்போது ஒரு சிறு வட்டத் தடத்துக்குப் பத்து என்று மதிப்பு. அதே தடம் தானிய அளவையில் வந்தால் சிறிய அலகைப் போல ஆறு மடங்குதான். எண்ணப்படும் பொருளிலிருந்து எண் இன்னும் பிரியவில்லை. எழுத்து தனியாக வளர்ந்தது, கணக்கு தனியாக வளர்ந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

படம் எப்படி ஆப்பு வடிவமானது என்பதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது சுலபம். கொஞ்சம் ஈரக் களிமண்ணைச் சப்பாத்தி போலத் தட்டிக்கொள்ளுங்கள். ஊசியால் அதில் ஒரு மீனை வரையுங்கள். வளைவு வரும் இடத்தில் மண் திரண்டு ஓரத்தில் குவியும், கோடு பிசிறடிக்கும். அப்புறம் ஐஸ் குச்சியைக் குறுக்கே வெட்டி, அதன் கூர்மூலையால் மண்ணை அழுத்தி எடுங்கள். தலை அகன்று வால் குறுகிய ஆப்பு சுத்தமாக விழும். எழுதியவர்கள் வெட்டிய நாணலால் இதைத்தான் செய்தார்கள், ஆப்பெழுத்து (கியூனிஃபார்ம்) என்ற பெயர் வந்தது இதனால்தான். இழுப்பது குறைந்து அழுத்துவது கூடியபோது வளைவு போனது, படமும் போனது. எங்கள் வீட்டில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பகுதியை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே எனக்கு வரவில்லை.

பெரிய திருப்பம் ஒலிக்கு மாறியதுதான். தெற்கு மெசபடோமியாவின் பழைய மொழியான சுமேரியத்தில் 'தி' என்றால் அம்பு, 'தி' என்றால் உயிர். உயிரை எப்படி வரைவது? அம்பை வரைந்து உயிர் என்று வாசித்தார்கள். இங்கேதான் குறி பொருளை விட்டுவிட்டு ஒலியைப் பிடிக்கிறது. பெயர்களையும் இலக்கண உருபுகளையும் எழுத வழி திறந்தது. பின்னால் சுமேரியத்தோடு எந்த உறவும் இல்லாத அக்காதிய மொழியையும் இதே குறிகளால் எழுத முடிந்ததற்கு இந்த மாற்றமே அடிப்படை.

எகிப்துக்கு வந்தால், மெசபடோமியாவைப் பார்த்துக் கற்றது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அபிதோசில் யூ-ஜே எனப்படும் கல்லறையில் குந்தர் டிரையர் கண்டெடுத்த எலும்பு, தந்தச் சீட்டுகள் சுமார் கி.மு. 3200-ஐ ஒட்டியவை. பொருள்களோடு கட்டித் தொங்கவிட ஓட்டை போட்டவை. அதாவது ஊருக் பலகைகளுக்கு ஏறக்குறைய சமகாலம். ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுந்ததா, தனித்தனியே எழுந்தனவா என்ற விவாதம் முடியவில்லை என்றே எழுதுங்கள். எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லுக்கு ஒரு பத்தி ஒதுக்கும் ஆசையை அடக்க வேண்டும். 1799-இல் கிடைத்தது, 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் வழி கண்டார், படம் போலத் தெரியும் குறிகள் ஒலியையும் குறித்தன என்பதே அவர் பிடித்த முடிச்சு. இவ்வளவு போதும். கேள்வி எழுத்து பிறந்ததைப் பற்றியது, நாம் அதைப் படித்ததைப் பற்றியது அல்ல.

படித்ததைப் பற்றியே கேள்வி வந்தால், எல்லோரும் ரொசெட்டாவையே எழுதுவார்கள். நீங்கள் 1857-ஐ எழுதுங்கள். அசீரிய அரசன் முதலாம் திக்லத்-பிலேசரின் ஆப்பெழுத்துக் கல்வெட்டு ஒன்றை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் என்ற நால்வர் தனித்தனியே மொழிபெயர்த்து, லண்டன் ராயல் ஏஷியாடிக் சொசைட்டிக்கு முத்திரையிட்ட உறைகளில் அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் முக்கியமான இடங்களில் ஒத்துப்போயின. ஆப்பெழுத்தைப் படிக்க முடியும் என்பதை உலகம் நம்பியது அதற்குப் பிறகுதான்.

சீனத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்து ஆன்யாங்கில், ஷாங் அரசமரபு மன்னர்கள் குறிகேட்ட ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் இருக்கிறது. சுமார் கி.மு. 1250. கணக்கிலிருந்துதான் எழுத்து பிறக்கும் என்ற பொது விதிக்கு இது இடிக்கிறது. ஆனால் அந்த எலும்புகளிலேயே, கயிற்றால் கோத்த சீட்டுகளைப் போன்ற ஒரு குறி வருகிறது. மூங்கில் சீட்டுகளிலும் எழுதியிருக்கலாம், அவை மக்கியிருக்கலாம். இந்த ஒரு வரியைச் சேர்த்தால் விடைக்குக் கனம் கூடும். மத்திய அமெரிக்காவுக்கு நாள்காட்டி, அரசர் பெயர், அங்கே எழுத்து தனியாகவே தோன்றியது என்ற மூன்று குறிப்புகள் போதும்.

சிந்து எழுத்தில்தான் நம் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும். ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளைப் பிரித்தார். ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறிகள்தான். இருமொழிப் பொறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள் என்பதற்கு, இடது ஓரத்தில் இடம் பற்றாமல் குறிகள் நெருங்குவது ஒரு சான்று. மீன் குறியை விண்மீனாகவும் படிக்கலாம், அடியில் இருப்பது திராவிட மொழி என்பது ஃபின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலாவின் கருதுகோள். 'தி'யில் பார்த்த அதே உத்தி என்பதால், அதை முதலில் எழுதியவர்களுக்கு இது சட்டெனப் புரியும். ஃபார்மர், ஸ்புரோட், விட்சல் மூவரும் 2004-இல் இது மொழியை எழுதும் எழுத்தே அல்ல என்று வாதிட்டார்கள். உங்கள் மனம் எந்தப் பக்கம் இருந்தாலும் இரண்டையும் எழுதுங்கள். 'படித்து முடிக்கப்பட்டது' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

அகரவரிசை எழுத்துக்கு (ஆல்பபெட்) சினாயின் செராபித் எல்-காதிம் டர்க்காய்ஸ் கல் சுரங்கம்தான் தொடக்கப் புள்ளி. 1905-இல் பெட்ரி கண்ட பொறிப்புகளில், 1916-இல் கார்டினர் 'பாலத்' என்ற தெய்வப் பெயரைப் படித்தார். செமித்திய மொழி (எபிரேயம், அரபு இனத்தது) பேசியவர்கள் எகிப்தியப் படங்களை எடுத்துக்கொண்டு, அந்தப் பொருளுக்குத் தங்கள் மொழியில் உள்ள பெயரின் முதல் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மாட்டுத்தலை, ஆலெப். வீடு, பேத். நூற்றுக்கணக்கான குறிகள் முப்பதுக்குள் சுருங்கின. பினீசியருக்கு 22 மெய்கள், கிரேக்கர் உயிர்களைச் சேர்த்தார்கள். பிராமியின் அமைப்பு வேறு: மெய்க்குள்ளேயே அகரம் இருக்கும், மற்ற உயிர்களுக்கு ஒட்டுக்குறி. க, கி, கு என்று எழுதிப் பழகிய நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அசோகர் கல்வெட்டுகள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு, பிரின்செப் படித்தது 1837. கீழடிப் பானையோட்டுப் பொறிப்புகளைத் தமிழகத் தொல்லியல் துறை கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. அதை எழுதும்போது துறையின் பெயரைச் சொல்லி எழுதுங்கள், காலக்கணிப்பில் கருத்து வேறுபாடு உண்டு என்றும் சேருங்கள்.

தேர்வறையில் 'எழுத்து மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு' என்று தொடங்க வேண்டாம். நேராக ஊருக், வாற்கோதுமை என்று இறங்கிவிடுங்கள். பழைய ஆண்டுகளுக்கு முன்னால் எல்லாம் 'சுமார்' போடுங்கள். கி.மு. என்றால் கடைசி வரை கி.மு., பொ.ஆ.மு. என்றால் கடைசி வரை அதுவே. நேரம் போதவில்லை என்றால் மத்திய அமெரிக்காவை விட்டுவிடலாம், 'தி' எடுத்துக்காட்டை விடக்கூடாது. பலகைகளின் படங்கள் சி.டி.எல்.ஐ. என்ற ஆப்பெழுத்து இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்ஸைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதற்குப் பதில், அதில் ஊருக் காலப் பலகைகளைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் எது, பொருள் எது என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்க வரும்.