கரையில் கிடக்கும் குருணைக்கு ஒரு கணக்கு நோட்டு

2025 மே 24 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. சில நாள்களில் திருவனந்தபுரம் கரையிலும், அதைத் தொட்டடுத்து எங்கள் குமரி மேற்குக் கரையிலும் வெள்ளைக் குருணை ஒதுங்கத் தொடங்கியது. ஜவ்வரிசி அளவில் உருண்டை உருண்டையாக இருக்கும் பிளாஸ்டிக். வாளி, குடம், பை என எதைச் செய்வதாக இருந்தாலும் தொழிற்சாலைக்கு முதலில் வந்து சேர்வது இந்தக் குருணைதான். 25 கிலோ மூட்டைகளில் கப்பலேறி உலகம் முழுக்கப் போகிறது.

நான் இந்தக் கடலோரத்தில் ஓர் ஊரில் கணக்கு ஆசிரியை. அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர், அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவர். கடல் மாசு பற்றி நான் எழுதுவது இந்த இரண்டு தகுதிகளையும் வைத்துத்தான்.

குருணை ஒதுங்கியபோது ஊர் சும்மா இருக்கவில்லை. பங்குக் கோயில் இளைஞர்கள் வந்தார்கள், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பெண்கள் வந்தார்கள், அரசுப் பணியாளர்கள் வந்தார்கள். கப்பலில் இருந்த கன்டெய்னர்களில் 12இல் கால்சியம் கார்பைடு இருந்தது. தண்ணீர் பட்டால் எரியும் வாயுவைக் கிளப்பும் பொருள் அது. ஆகவே பயம் தெளியும்வரை பிள்ளைகளைக் கரைக்கு விடவில்லை. பெரியவர்கள் துடைப்பத்தாலும் முறத்தாலும் அள்ளினார்கள். மூட்டைகள் நிரம்பின, லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. எல்லாரும் உண்மையாகவே உழைத்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் கரையிலிருந்து மொத்தம் எவ்வளவு அள்ளினோம் என்று பிறகு ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மூட்டைகளின் எண்ணிக்கையைக்கூட அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் பயனிருக்காது. பல மூட்டைகளில் முக்கால்வாசி மணல்தான்.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அள்ளிய பெண்களின் முதுகுவலி நிஜம், கரையில் கிடந்த குருணை நிஜம். ஆனால் எந்தக் காகிதத்திலும் அது இல்லை. காகிதத்தில் இல்லாத நட்டத்துக்கு யாரும் ஈடு கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் கடலோரத்தில் சீட்ரிஃப்ட் என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. அங்கே டயான் வில்சன் என்ற பெண், நான்கு தலைமுறையாக இறால் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பக்கத்தில் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற இடத்தில் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் நிறுவனத்தின் பெரிய ஆலை. அதிலிருந்து இதே குருணை லவாக்கா விரிகுடாவில் வந்து விழுந்துகொண்டிருந்தது. டயான் வில்சனும் அவருடன் சேர்ந்தவர்களும், ஆலையில் வேலை பார்த்த சிலர் உட்பட, 2016இலிருந்து கரையிலும் ஓடையிலும் இறங்கிக் குருணையைப் பொறுக்கினார்கள். பொறுக்கிச் சும்மா எறிந்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் சிறிய பையில் போட்டு, எந்த நாள், எந்த இடம் என்று எழுதி, படம் எடுத்து வைத்தார்கள். அப்படி 2,400க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. வழக்கில் அவைதான் சாட்சி. 2019இல் நீதிபதி அந்த நிறுவனம் விதிமீறியது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு 5 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. இனிமேல் ஒரு குருணைகூட வெளியே விடுவதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் 2 கோடி டாலர் மீனவர் கூட்டுறவு ஒன்றை உருவாக்க ஒதுக்கப்பட்டது.

மீன்பிடிக்கும் வீட்டுப் பெண் ஒருவர் பைகளையும் தேதிகளையும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

இலங்கை நமக்கு இன்னும் பக்கம். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. சுமார் 1,680 டன் குருணை அதில் இருந்தது. நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகள் வெள்ளையாகிக் கிடந்த படங்களை நாம் எல்லாரும் பார்த்தோம். மீன்பிடிக்கத் தடை போட்டார்கள், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பணம் வந்து சேர்வது வேறு போராட்டம். ஆனாலும் ஒரு நாடு தன் கடலுக்கு நேர்ந்ததைத் தொகையாகச் சொல்ல முடிந்திருக்கிறது.

எல்சா 3 விஷயத்தில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அதே குழுமத்தின் இன்னொரு கப்பலைப் பிடித்துவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் குருணைக்கு நீரோடியில் மாநில எல்லை இருக்கிறது என்று தெரியாது. அது இராமேசுவரம், தனுஷ்கோடி வரை போய்விட்டது. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரையுள்ள எங்கள் ஊர்களின் நட்டத்தை நாங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்றது, பாலாற்றைக் கெடுத்த வேலூர்த் தோல் ஆலைகளின் வழக்கில்தான். ஆக, சட்டம் இருக்கிறது. கையில் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கை நாங்கள் ஒரு நோட்டில் எழுதிவருகிறோம். எப்படி என்று சொல்கிறேன். மூங்கிலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் கட்டியிருக்கிறோம். ஓதம் ஏறி நின்ற கோட்டில், அதாவது சருகும் பாசியும் வரிசையாகக் கிடக்கும் இடத்தில், அதை வைக்கிறோம். சட்டத்துக்குள் இருக்கும் மேல்மணலை ஒரு விரல் ஆழத்துக்கு அள்ளி, கடல் தண்ணீர் நிறைந்த வாளியில் கொட்டிக் கலக்குகிறோம். மணல் அடியில் போய்விடும், குருணை மிதக்கும். கூடவே பாசியும் சருகும் மிதக்கும். அதை வடித்துக் காயவைத்தால் மீதி வேலையை முறம் பார்த்துக்கொள்கிறது. எங்கள் அம்மாக்களைவிடச் சுத்தமாக இதைப் புடைக்கத் தெரிந்தவர்கள் எந்த ஆய்வகத்திலும் இல்லை. கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் போட்ட தூண்டில் வளைவுக் கற்களின் இடுக்கில்தான் குருணை அதிகம் சிக்கிக் கிடக்கிறது. அங்கே சட்டம் வைக்க முடியாது, ஆகவே தனிப் பக்கத்தில் எழுதுகிறோம்.

வகுப்பில் நூறு குருணையை எண்ணி, நகை நிறுக்கும் சிறு தராசில் வைத்தோம். இரண்டு கிராமுக்குச் சற்றுமேல் காட்டியது. அப்படியானால் ஒரு கிலோவில் எத்தனை? நாற்பதாயிரத்துக்கு மேல் என்று பிள்ளைகள் கணக்கிட்டார்கள். 25 கிலோ மூட்டை ஒன்று உடைந்தால்? பத்து லட்சத்துக்கு மேல். கப்பல்களில் ஏற்றும் மூட்டைகளை நினைத்துப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்பெஞ்சில் ஒரு பையன் மட்டும், "டீச்சர், அப்படியானால் நாம் பொறுக்கி முடிக்கவே முடியாதே" என்றான். முடியாது என்றுதான் சொன்னேன். பிள்ளைகளிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. முடியாததனால்தான் கொட்டுவதற்கு முன்னால் தடுக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும் என்று விளக்கினேன். சர்வதேசக் கடல்சார் அமைப்பு குருணையைக் கப்பலில் எப்படிக் கட்ட வேண்டும், எங்கே அடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைகள் தந்திருக்கிறது. பரிந்துரைகள்தான், கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கக் கேட்பவர்களிடம் கரையோர எண்கள் இருக்க வேண்டும்.

குருணை வெறும் அழுக்குமில்லை. கடலில் கலந்துள்ள பூச்சிக்கொல்லி போன்ற நஞ்சுகள் அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. தோக்கியோவில் ஹிதெஷிகெ தகாதா என்ற பேராசிரியர் 2005 முதல் உலகெங்கும் உள்ள சாதாரண மக்கள் தங்கள் கரையில் பொறுக்கித் தபாலில் அனுப்பும் குருணையை வைத்தே அந்தந்தக் கடலின் நஞ்சை அளந்து வந்திருக்கிறார். கரையில் நடப்பவர்கள் கையிலும் அறிவியல் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நோட்டில் மீனுக்கும் ஒரு பக்கம் உண்டு. கப்பல் மூழ்கிய நாள்களில் மீன் விலை எப்படி விழுந்தது என்பது அதில் இருக்கிறது. சந்தையில் விற்கும் எங்கள் மைனி (அண்ணி) ஒருவர் அப்போது சொன்னார்: "மீனில் விஷம் இருக்கிறதாமே என்று கேட்கிறார்கள். வாங்காமல் போனாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிறார்கள்." விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன், ஜூலை தடைக்காலம். வள்ளக்காரர்களின் மீனை நம்பியே அந்த இரண்டு மாதமும் பெண்கள் விற்கிறார்கள். சரியாக அப்போதுதான் இந்த வதந்தி வந்து விழுந்தது. யார் எவ்வளவுக்கு எடுத்து எவ்வளவுக்கு விற்றார் என்று அவர்கள் நினைவிலிருந்து சொன்னதை எழுதியிருக்கிறோம். இப்போது மைனியே அன்றன்று எழுதுகிறார்.

இன்னொரு பக்கத்தைப் பற்றி ஊரில் சண்டையே வந்தது. கரையில் கிடக்கும் அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலை, தெர்மாகோல் பெட்டித் துண்டு, குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கொண்டுவந்து தள்ளும் பாட்டில், டயப்பர் எல்லாவற்றையும் நாங்கள் எழுதுகிறோம். "நம் வலையை நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?" என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனி கொட்டியதைப் பேசவேண்டிய இடத்தில் மீனவனைக் குற்றவாளியாக்குவது எளிது, அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் நம் பங்கை மறைத்த நோட்டை எந்த நீதிமன்றமும் நம்பாது. அறுந்து கடலில் போன வலை ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மீன் நமக்கும் இல்லை, யாருக்கும் இல்லை.

கொல்லம் பக்கம் நீண்டகரையில் 2017 முதல், விசைப்படகுக்காரர்கள் வலையின் மடியில் வரும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் எறியாமல் பையில் கட்டித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் அதைக் கழுவித் தரம்பிரித்தார்கள், துண்டாக்கித் தார்ச்சாலைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களுக்குக் கூலி கொடுத்தார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. கடற்கரைத் தூய்மை என்றாலே இலவச வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒருநாள் வந்து போகும் கல்லூரி மாணவர்களுக்கு அது சரி. வாரம்தோறும் முறத்தோடு உட்காரும் பெண்ணுக்குக் கூலி வேண்டும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலும் குளச்சலிலும் இப்படி ஒரு கொட்டகை வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம்.

மூங்கில் சட்டம் வைக்கும் அடுத்த வேலை ஆடி அலை அடங்கியபின். குமரிக் கரையில் எந்த ஊர்ப் பள்ளியோ பங்கோ சேர விரும்பினாலும் சேரலாம். சட்டத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், ஓதக்கோட்டில்தான் வைக்க வேண்டும், மணலை நீக்கிக் காயவைத்த பிறகே நிறுக்க வேண்டும். கையுறை கட்டாயம். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு சீட்டு போட்டு ஊர், தேதி, எடுத்தவர் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.