பொங்கலும் இரத்த வறையும்

தைப்பொங்கல் அன்று காலை பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் மூடிப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள். "அம்மம்மா தந்துவிட்டவ. சூரியனுக்குப் படைச்ச பொங்கல்." அந்தப் 'படைச்ச' என்ற சொல்லை மட்டும் அவள் விழுங்கியிருந்தால் அன்று எங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது.

நாங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அயல்வீட்டுப் பொங்கலை நான் அறிந்த நாளிலிருந்து சாப்பிட்டு வருகிறோம். கனடாவிலிருந்து வந்திருந்த பெரியப்பா மட்டும் அங்கே வேறொரு சபைக்குப் போகத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கடும்பிடி. "படைச்சதெண்டு சொல்லிப்போட்டாள் எல்லே அம்மா, இனி எப்பிடிச் சாப்பிடுறது?"

"முதல்ல பாத்திரத்தை வாங்கு மோனை, பிள்ளைக்குக் கை நோகும்" என்றா அப்பாச்சி.

நாங்கள் சாப்பிட்டோம், அவர் தொடவில்லை. பின்னேரம் நான் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். பெரியப்பா அதைத்தான் காலையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கி.பி. 49 அல்லது 50 அளவில் நடந்த கதை. சபையில் சேரும் யூதரல்லாதவர்களும் யூதரைப்போல விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்குவது) செய்துகொண்டால்தான் மீட்பு என்று யூதேயாவிலிருந்து வந்த சிலர் அந்தியோகியாவில் சொல்ல, பவுலும் பர்னபாவும் வாதாடிப் பார்த்தும் முடியாமல், வழக்கு எருசலேமுக்குப் போயிற்று. அங்கேயும் முதலில் வாக்குவாதம்தான். நம் முன்னோராலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தை ஏன் இவர்கள் கழுத்தில் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். கடைசியில் எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபு தீர்ப்புச் சொன்னார்: விருத்தசேதனம் வேண்டாம். சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்ற மிருகத்தின் இறைச்சி, வேசித்தனம், இந்த நாலையும் விலக்கினால் போதும்.

அதைக் கடிதமாக எழுதி ஆட்கள் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதில் 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்று ஒரு வரி. எங்கள் சபைக் கூட்டக் குறிப்பில் இப்படி எழுத ஒருவருக்கும் துணிவு வராது.

நாலில் மூன்று சாப்பாட்டு விஷயம். யூதரும் மற்றவரும் ஒரே பந்தியில் இருக்க வேண்டுமே, அதுதான் சிக்கல். இதே அந்தியோகியாவில், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பேதுரு பந்தியை விட்டு மெல்ல விலகியிருக்கிறார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்ததாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார்.

கொரிந்தியருக்கு அவர் எழுதியது இன்னும் நுணுக்கம். கோயிலில் பலியிட்ட இறைச்சி அங்கே கடைத்தெருவுக்கும் வரும். வாங்கு, கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். ஆனால் யாராவது 'இது படைத்தது' என்று சொல்லிவிட்டால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. இதை வாசித்தபோது பெரியப்பாவின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறதென்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சரி, ஆனால் அந்தப் பிள்ளையின் மனச்சாட்சிக்கு எது நல்லது? பொங்கலைத் திருப்பி அனுப்புவதா?

தீராமலே விட்ட வழக்குகளும் உண்டு. உயிர்த்த ஞாயிறை எந்த நாளில் கொண்டாடுவது என்று கி.பி. 155 அளவில் சிமிர்னா ஆயர் பொலிகார்ப் ரோமுக்குப் போய் அங்கத்தைய ஆயர் அனிசேட்டஸோடு பேசினார். ஒருவரும் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அனிசேட்டஸ் தன் சபையில் நற்கருணையை நடத்தப் பொலிகார்ப்பையே விட்டார். பின்னால் விக்டர் ரோம ஆயராக வந்து, இதே வழக்கில் சின்ன ஆசியாச் சபைகளையே தள்ளிவைக்கப் பார்த்து, லியோன் ஆயர் இரேனியுசிடம் கண்டனம் வாங்கியது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆட்டு இரத்த வறை செய்தா. பெரியப்பா ஆசைப்பட்டுக் கேட்டது. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டுக் கறுப்பாக, உதிரியாக வந்திருந்தது. அவர் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டபோது நான் அந்த நாலையும் வரிசையாகச் சொன்னேன். கை கோப்பையிலேயே நின்றது.

"அது அந்தக் காலத்து யூதருக்காகச் சொன்னது" என்றார்.

அப்பாச்சி ஒன்றும் சொல்லாமல் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டா.

பக்கத்து வீட்டுப் பாத்திரம் குசினியில் அப்படியே இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நத்தார் கேக் தகரத்தில் மிச்சம் இருந்தது. ஆனால் முட்டை போட்டது, அவர்கள் சுத்த சைவம். அதனால் அப்பாச்சி முழங்கால் நோவோடு அடுப்படியில் நின்று பயத்தம் பணியாரம் சுட்டா. கொண்டுபோய்க் கொடுத்தது பெரியப்பாதான்.