14 வருடம் நாய் வளர்த்தவனுக்குத் தகுதி இல்லையாம்

எங்கள் மணி இறந்து ஏழு மாதம் கழித்துத்தான் இன்னொரு நாயை நினைத்துப் பார்க்கவே மனம் வந்தது. நாய் மீட்பு அமைப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். இரண்டே வரியில் பதில் வந்தது: ‘உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.’ 14 வருடம் என் கட்டிலுக்கடியில் தூங்கியவன் மணி. கடைசி மாதங்களில் அவன் தோலுக்கடியில் ஊசி குத்தி நீர்மருந்து ஏற்றக் கற்றுக்கொண்டவன் நான். எனக்குத்தான் தகுதி இல்லையாம்.

விடாமல் கேட்டபிறகு காரணம் தெரிந்தது. தடுப்பூசி அட்டை! முதல் 12 வருடங்களுக்கு முத்திரை இருக்கிறது, கடைசி இரண்டு வருடங்களுக்கு வெற்றுக் கட்டங்கள். சிறுநீரகம் பழுதானபின் ‘இனி தடுப்பூசி போட வேண்டாம்’ என்று மருத்துவர் வாயால் சொன்னார். அட்டையில் எழுதவில்லை, எழுதச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்தவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

மருத்துவமனைக்குப் போனால், அந்த மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர், ‘நான் பார்க்காத நாய்க்கு எப்படி எழுதித் தருவது?’ என்றார். நியாயம்தான், அலைச்சல் மட்டும் எனக்கு. மூன்றாவது முறை போனபோது உதவியாளர் ஒருவர் இரக்கப்பட்டு, கணினியில் ஏறாத பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். ரத்தப் பரிசோதனை முடிவு, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு, ஓரத்தில் மருத்துவரின் கிறுக்கல்: ‘தடுப்பூசி நிறுத்தம்.’ அந்தக் கிறுக்கலைப் பார்த்தபோது பரீட்சையில் தேறியது போல இருந்தது. நகலெடுத்து முத்திரை வாங்கினேன். வயதான நாய் வைத்திருப்பவர்கள் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தை மீண்டும் திறந்தார்கள். அடுத்தது வீட்டு உரிமையாளரின் கடிதம். ‘நாய் வளர்க்கலாம்’ என்று எழுதி வாங்கிப் போனேன். எவ்வளவு பெரிய நாய் என்று இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். ‘எந்த அளவு நாயானாலும் சம்மதம்’ என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டில் வேலியிட்ட தோட்டம் வேண்டும் என்றார்கள். அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நான் இருப்பது மூன்றாவது மாடியில். வேலியிட்ட தோட்டத்துக்கு எங்கே போவது? சுவரேறித் தாவும் நாய்க்கு உயரமான வேலி கேட்பதில் அர்த்தம் உண்டு. நான் கேட்டதோ பகலெல்லாம் உறங்கும் எட்டு வயதுப் பெண் நாயை. அதற்கு வேண்டியது வேளை தவறாமல் கயிற்றில் நடத்திக் கூட்டிப்போக ஓர் ஆள். எல்லா நாய்க்கும் ஒரே விதி என்பது சோம்பேறித்தனம். தற்காலிகமாக அவளை வளர்த்து வந்த பெண்மணி எனக்காகப் பேசியிராவிட்டால் அத்தோடு முடிந்திருக்கும்.

வீட்டைப் பார்க்க வந்தவர்கள் பால்கனிக் கம்பிகளுக்கு வலை அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன்.

‘உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாயை யார் பார்ப்பார்?’ என்ற கேள்வியும் முதலில் எரிச்சல்தான் தந்தது. அவள் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி விடப்பட்டவள் என்று தெரிந்தபின் வாயடைத்துப்போனேன். ஒருமுறை குழந்தை பிறந்ததற்காக, இன்னொரு முறை வீடு மாறியதற்காக. ‘என்ன காரணமானாலும் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது’ என்ற ஒப்பந்த வரியில் தயங்காமல் கையெழுத்திட்டேன். பொறுப்பாளராக அக்காவின் பெயரைக் கொடுத்திருந்தேன். உறுதி செய்துகொள்ள அவளை அழைத்தார்கள். உணவு என்ன, இடிச்சத்தத்துக்குப் பயப்படுவாளா, பல் எப்படி என்று அவள் அவர்களையே அரைமணி நேரம் விசாரித்திருக்கிறாள்.

நாய் வந்து ஒரு மாதமாகிறது. நேற்று ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். மருத்துவர் அட்டையை நீட்டியதும், முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கின்றனவா என்று அவர் எதிரிலேயே சரிபார்த்தேன். ஒரு மாதிரிதான் பார்த்தார்.