கீவின் தங்க வாயில்: மேலே புதுசு, உள்ளே பழசு

உக்ரேன் தலைநகர் கீவில் உள்ள தங்க வாயிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது 1982இல் கட்டியதுதானே" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்கப்பூரில் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

போருக்கு முன்னால் அங்கே போயிருந்தேன். வெளியே நின்று பார்த்தால் கோட்டை வாயில், அதன் தலையில் ஒரு சிறிய தேவாலயம், எல்லாமே புதுக்கட்டுமானம். உள்ளே போனால்தான் விஷயம். 11ஆம் நூற்றாண்டில் கீவை ஆண்ட இளவரசர் யாரோஸ்லாவ் எழுப்பிய சுவரின் மிச்சம் அங்கே நிற்கிறது. கல் வரிசை, நடுவே தட்டையான மெல்லிய செங்கல் வரிசை, இடையில் இளஞ்சிவப்புச் சாந்து. சுண்ணாம்பில் செங்கல் தூளைக் கலந்து பூசியிருக்கிறார்கள். நம் பழைய கொத்தனார்கள் பார்த்தால் சுர்க்கி என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்தச் சாந்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

1240இல் படு கானின் மங்கோலியப் படை நகரை அழித்தபோது இந்த வாயிலும் சிதைந்தது. 18ஆம் நூற்றாண்டில் இடிபாட்டை மண் போட்டு மூடினார்கள், 1832இல் தோண்டி எடுத்தார்கள். அப்புறம் கீவின் 1500ஆம் ஆண்டு விழாவை ஒட்டி இப்போதைய கட்டடம் வந்தது. சிக்கல் என்னவென்றால், வாயில் முழுசாக இருந்த காலத்துப் படம் ஒன்றுகூட இல்லை. 1651இல் வரைந்த ஓவியத்தில் இருப்பதும் இடிபாடுதான். ஆக, மேல்பகுதி ஊகம். இடித்துவிடச் சொன்னவர்களும் உண்டு.

ஊகம் என்பது சரி. ஆனால் மழையும் பனியும் மாறி மாறி இறங்கினால் சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து போகும். பழைய சுவருக்கு ஒரு கூரை வேண்டும், அது கிடைத்திருக்கிறது. பழசு எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு அது போதும்.

பக்கத்திலேயே யாரோஸ்லாவின் சிலை. அதை வடிவமைத்த சிற்பி இவான் கவலெரிட்ஸே 1978இல் இறந்துவிட்டார். அவருடைய வடிவத்தை வைத்து 1997இல் நிறுவினார்கள். கையில் புனித சோஃபியா பேராலயத்தின் சிறு மாதிரி. அதைக் கேக் என்று ஊர்க்காரர்கள் கேலி செய்வார்களாம். எனக்கென்னவோ, கட்டியவர் கையில் கட்டடத்தைக் கொடுத்தது மிகவும் பிடித்திருந்தது.

சிங்கப்பூரில் நமக்கும் ஒரு பழைய மதில் இருந்தது. 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்: மண் மதில், அடியில் 16 அடி அகலம், 8, 9 அடி உயரம். இன்று அந்தப் பக்கம் ஸ்டாம்ஃபர்ட் ரோடு ஓடுகிறது. அதை மறுபடி எழுப்பலாம் என்று யாராவது கிளம்பினால் நான் எதிர்ப்பேன். கூரை போட்டுக் காப்பாற்ற அங்கே தரைக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் மதில் ஓடிய தடத்தை நடைபாதையில் வேறு நிறக் கல்லால் பதிக்கலாம். அதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன்.